'விட'வை விட்டால் வரும் இங்கிலீஷ்

ஏற்காட்டுத் தலைச்சோலைப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். 'டால், டாலர், டாலஸ்ட்' என்று பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் கேட்டால் 'மோர் டாலர்' என்பார்கள், இல்லாவிட்டால் வெறும் 'டால் தென்' என்று நிறுத்துவார்கள்.

காரணம் தமிழில் இருக்கிறது. 'ஏற்காட்டை விட ஊட்டி உயரம்' என்கிறோம். உயரம் என்ற சொல் அசையவே இல்லை, வேலை முழுவதையும் 'விட' பார்த்துக்கொள்கிறது. இங்கிலீஷில் 'தென்' மட்டும் போதாது, ஹை என்பது ஹையர் ஆக வேண்டும். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு விதிகள் பெரிய பாரமில்லை. சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஈ-ஆர், ஈ-எஸ்-டி. பியூட்டிஃபுல் போன்ற நீண்ட சொல்லுக்கு முன்னால் மோர், மோஸ்ட். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. பிக், ஹாட் எழுதும்போது கடைசி எழுத்து இரட்டிக்கும். குட், பேட் இரண்டும் எந்த விதிக்கும் அடங்காதவை, மனப்பாடம்தான் வழி. கிளெவரர், மோர் கிளெவர் இரண்டுமே சரி; அதற்கு மார்க் குறைக்கும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பாடப்புத்தகத்தில் வரும் யாரோ இரண்டு பேரின் உயரத்தால் யாருக்கு என்ன லாபம்? நான் மலைகளை எடுத்துக்கொள்வேன். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். "அதுதாங்க சார் ஹையஸ்ட்" என்பான் ஒரு பையன். எங்கே ஹையஸ்ட் என்று கேட்பேன். சேர்வராயன் மலையில் அதுதான். தமிழ்நாடு என்றால் 2,637 மீட்டர் தொட்டபெட்டா முந்திக்கொள்ளும். தென்னிந்தியா என்றால் கேரளத்து ஆனைமுடி, 2,695 மீட்டர். எல்லை சொல்லாத 'எஸ்ட்' அரைகுறை என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கும். இடம் என்றால் 'இன் தமிழ்நாடு'. கூட்டம் என்றால் 'ஆஃப் தி த்ரீ'. முன்னால் 'தி' கட்டாயம். தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லாததால் நம் பிள்ளைகள் முதலில் விழுங்குவது அதைத்தான்.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட், ஏற்காட்டின் பழைய பள்ளிகளுள் ஒன்று. 'பள்ளிகளுள்' என்று நாம் பன்மையில்தானே சொல்கிறோம்? அப்படியே 'ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் ஸ்கூல்ஸ்'. ஸ்கூல் என்று ஒருமையில் எழுதாதீர்கள்.

'ரொம்ப'வில் மட்டும் கவனம் வேண்டும். ரொம்பக் குளிர், சேலத்தை விட ரொம்பக் குளிர் என்று இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். இங்கிலீஷில் முதலாவது 'வெரி கோல்ட்', இரண்டாவது 'மச் கோல்டர்'. 'வெரி கோல்டர்' கிடையாது. பட்டம் வாங்கியவர்களிடமும் இந்தப் பிழையைக் கேட்கிறேன்.

எனக்குப் பிடித்த பாடம் பஸ்ஸில் நடக்கும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. சுமார் 1,200 மீட்டர் மேலே ஏறுகிறோம். வளைவுக்கு வளைவு காற்று மாறும். 'ஏற ஏறக் குளிரும்' என்று யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் சொல்வார்கள். அந்த 'ஏற ஏற'வுக்குத்தான் இங்கிலீஷில் இரண்டு 'தி': 'தி ஹையர் யூ கோ, தி கோல்டர் இட் கெட்ஸ்'. கரும்பலகையில் இதை விளக்குவது வீண். கொல்லிமலைக்கு 70 வளைவு என்று யாராவது பேச்செடுத்தால் அதையும் விடுவதில்லை. அங்கே 'மோர் பெண்ட்ஸ்'. எண்ணிக்கைக்கு மோர் தாராளமாக வரலாம்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று: சீனியர், ஜூனியர் இரண்டுக்கும் பின்னால் 'தென்' வராது. 'சீனியர் டு மீ' என்றே எழுதுங்கள்.