தன் வயிற்றைத் தானே அறுத்த மருத்துவர்

குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ், அபூர்வ நோயன்று. ஆனால் நோயாளியும் மருத்துவரும் ஒருவராகவே இருந்துவிட்டால்? 1961 ஏப்ரலில், அண்டார்க்டிகாவிலிருந்த நோவோலாசரெவ்ஸ்கயா என்னும் சோவியத் ஆய்வு நிலையத்தில் அப்படித்தான் நேர்ந்தது. அங்கிருந்த 12 பேரில் லியோனிட் ரோகசோவ் ஒருவரே மருத்துவர், வயது 27.

சோர்வு, குமட்டல், காய்ச்சல், பிறகு வலது அடிவயிற்றில் வலி. நோய் இன்னதென்று அவருக்கே விளங்கிவிட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலிக்கவில்லை. குடல்வால் வெடித்தால் சீழ் வயிற்றறையில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். பனிப்புயலில் விமானமும் வர இயலாது.

ஏப்ரல் 30 இரவு அறுவை தொடங்கிற்று. முழு மயக்கம் கூடாது. கை இயங்க வேண்டுமே! ஆகவே வயிற்றுச் சுவரை மட்டும் நோவோகெய்ன் ஊசியால் மரத்துப்போகச் செய்தார். வானிலை ஆய்வாளர் கருவிகளை எடுத்துக் கொடுக்க, வாகன ஓட்டுநர் கண்ணாடி பிடித்தார். கண்ணாடியிலோ எல்லாம் மாறித் தெரிந்து கையைக் குழப்பிற்று. எனவே கையுறையின்றி, பெரும்பாலும் தொட்டுணர்ந்தே வேலை செய்தார். தலை சுற்றியது, 4, 5 நிமிடத்திற்கு ஒருமுறை சில விநாடிகள் ஓய்வு.

வெளியே எடுத்த குடல்வாலின் அடிப்பகுதி கருத்திருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று கணித்தார். 1 மணி 45 நிமிடத்தில் தையலும் முடிந்தது. இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்.