ஆள் இல்லா வேளையில் ஓடும் பணி



மாவு மில்லுக்குச் சென்றவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். கூட்டம் மிகுந்த நாளில் தூக்குவாளியை வரிசையில் வைத்து, "பச்சரிசி, இடியாப்பத்துக்கு" என்று ஒரு சீட்டையும் அதில் போட்டுவிட்டு வீடு திரும்பி விடுகிறோம். மாலையில் போனால் மாவு தயாராக இருக்கிறது. நாம் அங்கு நிற்கவில்லை. ஆயினும் வேலை நம் விருப்பப்படி நடந்திருக்கிறது. கணிப்பொறி உலகில் 'தொகுதிமுறைப் பணி' என்றும் 'பின்னணிப் பணி' என்றும் சொல்லப்படுவது ஏறக்குறைய இதுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அரிசி ஈரமாக இருந்தால் மில்காரர் அரைக்க மாட்டார். வாளியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, "காய வைத்துக் கொண்டு வாருங்கள்" என்பார். கணிப்பொறிக்கு அந்த அறிவு இல்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வரிக்கு வரி செய்து முடித்துவிடும். இவ்வேறுபாட்டை நான் பட்டுத்தான் அறிந்தேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

அட்டைக்கட்டும் காத்திருப்பும்

இயக்க முறைமைகள் பாடத்தில் தொகுதிமுறைக்கு நம் பாடநூலில் அரைப் பக்கமே இடம் தந்திருக்கிறார்கள். வகுப்புக் கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசுமாறு எங்கள் பேராசிரியர் என்னைப் பணித்தபோது, "அரைப் பக்கத்தை அரை மணி நேரம் எப்படிப் பேசுவது?" என்று திகைத்தேன். வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு, அரை மணி போதாது என்று தோன்றியது.

1950-களில் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக் கொண்டிருந்தது. அதன் ஒரு மணி நேரம், மனிதரின் பல நாள் ஊதியத்தை விட விலை மிக்கது. ஆகவே பொறி சும்மா இருக்கக் கூடாது. மனிதர் காத்திருக்கலாம் என்பதே அக்கால முறை. நிரலைத் துளை அட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டி, சாளரத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பலருடைய கட்டுகளை ஒன்று சேர்த்து, ஒன்றன் பின் ஒன்றாகப் பொறி ஓட்டும். விடை பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிடைக்கும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அந்த நாள் வீண்.

1959 ஜனவரி 1-ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜான் மெக்கார்த்தி ஒரு குறிப்பு எழுதினார். ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில், ஒவ்வொருவரும் தமக்கே உரியது போலப் பயன்படுத்த இயலும் என்பது அதன் சாரம். அதே கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவினரும் 1961 நவம்பரில், ஐ.பி.எம். 709 என்ற பொறியில் இம்முறையை இயக்கிக் காட்டினர். கம்பேட்டிபிள் டைம் ஷேரிங் சிஸ்டம், சுருக்கமாக சி.டி.எஸ்.எஸ்., என்பது அதன் பெயர். பின்னர் அது ஐ.பி.எம். 7094 பொறிக்கு மாற்றப்பட்டது.

முன்னணியும் பின்னணியும்

காலப் பங்கீடு எவ்வாறு நடக்கிறது? முனையத்தின் முன் அமர்ந்தவர் ஒரு வரி தட்டுகிறார், பிறகு யோசிக்கிறார், தலையைச் சொறிகிறார். அந்தச் சில விநாடிகள் பொறிக்கு நெடுங்காலம். அதற்குள் மற்றவர்களின் வேலைகளைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். சி.டி.எஸ்.எஸ். முறையில் 32,768 சொற்கள் கொண்ட நினைவகம் இரண்டு இருந்தன. ஒன்றில் மேற்பார்வை நிரல்; மற்றொன்றில் பயனர்களின் நிரல்கள் மாறி மாறி வந்து ஓடின. சிறு வேலை உடனே முடிந்துவிடும். முடியாத வேலை அடுத்த கீழ்ப்படி வரிசைக்கு இறக்கப்படும். கீழ்ப்படியில் முறை வருவது அரிது. ஆனால் வரும்போது மேற்படியைப் போல இருமடங்கு நேரம் கிடைக்கும்.

இதில் தொகுதிமுறை ஒழிந்து போகவில்லை என்பதே நான் வியந்த செய்தி. பெயரில் உள்ள 'கம்பேட்டிபிள்' என்ற சொல்லுக்கு, பழைய தொகுதிமுறையோடு ஒத்துப் போவது என்றே பொருள். முனையங்களில் இருப்போர் முன்னணி. அவர்கள் கேட்காத நேரமெல்லாம் பழைய அட்டைப் பணிகள் பின்னணியில் ஓடின. பின்னாளில், முனையத்தில் இருப்பவரே ஒரு நெடும்பணியைப் பின்னணிக்கு அனுப்பும் வசதியும் வந்தது. முன்னணியிலிருந்து தொடங்கப்படும் பின்னணி என்ற பொருளில் அதனை 'ஃபிப்' என்று அழைத்தனர்.

'ஆப்சென்ட்' ஆனவரின் பணி

சி.டி.எஸ்.எஸ். அனுபவத்தின் மேல் எழுந்தது மல்டிக்ஸ். மாசசூசெட்ஸ் கழகமும், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும், பெல் ஆய்வகமும் கூடி 1960-களின் நடுவில் இதைத் தொடங்கின. 1969-இல் பெல் ஆய்வகம் விலகிக் கொண்டது. அதே ஆண்டு கழகத்தின் பயனர்களுக்கு மல்டிக்ஸ் திறந்து விடப்பட்டது. கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரில் ஓடிய கடைசி மல்டிக்ஸ் பொறி 2000 அக்டோபர் 30 அன்று நிறுத்தப்பட்டது. 2007-இல் அதன் மூல நிரல்கள் பொதுவில் வெளியிடப்பட்டன. ஆர்வலர்கள் அப்பழைய பொறியைப் போலவே நடிக்கும் ஒரு பாவனை நிரலை எழுதியிருக்கிறார்கள். அதனால் இன்று நம் மேசைக் கணினியிலேயே மல்டிக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். நானும் ஓட்டினேன்.

மல்டிக்ஸில் பின்னணிப் பணிக்கு 'ஆப்சென்டீ' என்று பெயர். வருகைப் பதிவேட்டில் நம் பெயருக்கு நேரே விழும் அதே 'ஆப்சென்ட்' தான்! செய்ய வேண்டிய கட்டளைகளை வரி வரியாக 'ஆப்சின்' என்று முடியும் பெயருடைய ஒரு கோப்பில் எழுதி, வரிசையில் சேர்க்கும் கட்டளையைத் தர வேண்டும். பிறகு நாம் வெளியேறி விடலாம். முறை வந்ததும் நம் பெயரில் ஒருவர் உள்ளே நுழைந்தது போலப் பொறி கருதிக் கொண்டு, அக்கோப்பின் வரிகளை நாமே விசைப்பலகையில் தட்டியது போல ஒவ்வொன்றாகப் படிக்கும். திரையில் தோன்ற வேண்டியவை எல்லாம் 'ஆப்சவுட்' என்ற மற்றொரு கோப்பில் எழுதப்படும்.

வரிசைகள் 1 முதல் 4 வரை எண்ணிட்டவை. சிறிய எண்ணுக்கு முன்னுரிமை. எதுவும் சொல்லாவிட்டால் பணி 3-ஆம் வரிசையில் சேரும். இன்ன நேரத்துக்குப் பிறகு ஓடு என்றும், இத்தனை விநாடிக்கு மேல் ஓடாதே என்றும் விதிக்கலாம்.

இன்னொரு நுட்பம் என் மனத்தைக் கவர்ந்தது. பயனரின் பெயரோடு ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். நேரில் அமர்ந்திருந்தால் 'ஏ'. ஆப்சென்டீயாக ஓடினால் 'எம்'. ஒரு கோப்பைத் தொடும் உரிமையை, நேரில் இருக்கும் எனக்குத் தந்து, இல்லாத எனக்கு மறுக்கவும் முடியும். இருக்கும் மனிதரும் இல்லாத மனிதரும் ஒருவரேயானாலும், நம்பத்தக்க அளவில் ஒன்றல்லர் என்று அதை அமைத்தோர் எண்ணியிருக்கிறார்கள். இதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு வாரத்தில் விளங்கியது.

நான் செய்த பிழை

கருத்தரங்கில் உண்மையான ஒரு பணியை ஓட்டிக் காட்ட விரும்பினேன். புவியியல் துறைத் தோழர் ஒருவர் ஒரு பழைய பதிவேட்டிலிருந்து 10 ஆண்டுகளின் அன்றாட மழையளவைத் திரட்டிக் கொண்டிருந்தார். அவர் மூன்று மாலைகள் என் வீட்டுக்கு வந்து, 3,600-க்கும் மேற்பட்ட எண்களைத் தாமே மல்டிக்ஸ் கோப்பில் தட்டினார். மாதச் சராசரி காணும் நிரலை நான் பி.எல்.1 மொழியில் எழுதினேன். பழைய நாள் அனுபவம் வேண்டும் என்பதற்காக, என் கோப்புகளுக்கு மிகக் குறைந்த இட வரம்பை நானே விதித்துக் கொண்டிருந்தேன். ஆகவே ஆப்சின் கோப்பில் இவ்வாறு எழுதினேன்: நிரலை மொழிபெயர், ஓட்டு, விடையைக் கோப்பில் எழுது, மழைப் பட்டியலை அழி, விடையை அச்சிடு, வெளியேறு. இரவு 2 மணிக்கு ஓடுமாறு வரிசையில் சேர்த்துவிட்டு நிம்மதியாக உறங்கினேன்.

காலையில் ஆப்சவுட் கோப்பைத் திறந்தேன். நிரலில் நான் செய்த ஓர் எழுத்துப் பிழையால் மொழிபெயர்ப்பு தோற்றிருந்தது. பிழைச் செய்தியை எழுதிவிட்டு, பொறி அடுத்த வரிக்குச் சென்றிருந்தது. ஓட்ட வேண்டிய நிரல் இல்லை என்று எழுதிவிட்டு, அதற்கடுத்த வரிக்குச் சென்றிருந்தது. "மழைப் பட்டியலை அழி" என்ற வரியில் மட்டும் எந்தத் தடையும் இல்லை. அழித்துவிட்டது. காப்பு நகல் எடுக்கும் ஏற்பாட்டையும் நான் செய்திருக்கவில்லை.

பொறி என்னை ஏமாற்றவில்லை. நான் எழுதியதையே செய்தது. நான் நேரில் இருந்திருந்தால் முதல் பிழையிலேயே கையை எடுத்திருப்பேன். இல்லாத நான், நிறுத்தத் தெரியாதவனாக இருந்தேன். 'ஏ'க்கும் 'எம்'முக்கும் உள்ள வேறுபாடு அன்றுதான் புரிந்தது.

தோழரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பதிவேடு எரிந்தா போய்விட்டது? வா, நான் படிக்கிறேன், நீ தட்டு" என்றார். இரண்டு மாலைகளில் முடித்தோம். இம்முறை எண்களைத் தட்டியது என் விரல்கள். ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு உழைப்பு என்பதும் அப்போது தெரிந்தது.

இரண்டாம் முறை நிரலைத் திருத்தினேன். பட்டியலின் மேல் பாதுகாப்பு விசையையும் இட்டேன். அது இடப்பட்ட கோப்பை அழிக்கும் முன் மல்டிக்ஸ் நம்மிடம் கேட்கும். ஆனால் ஆப்சின் கோப்பில் இருந்த 'அழி' வரியை நீக்க மறந்தேன். இரவில் பொறி, "இது பாதுகாக்கப்பட்டது, அழிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறது. விடை சொல்ல அங்கு யார் இருக்கிறார்கள்? கோப்பின் அடுத்த வரியையே என் மறுமொழியாக எடுத்துக் கொண்டது. "விடையை அச்சிடு" என்றது அவ்வரி. "ஆம் அல்லது இல்லை என்று சொல்" என்று மீண்டும் கேட்டது. "வெளியேறு" என்றது அடுத்த வரி. மீண்டும் அதே கேள்வி. அதோடு கோப்பு தீர்ந்தது, பணியும் நின்றது. படித்துவிட்டு நானும் தோழரும் வெகுநேரம் சிரித்தோம். பட்டியல் மட்டும் பத்திரமாக இருந்தது.

கற்றுக் கொண்ட நான்கு

மூன்றாம் முறை பணி செவ்வனே நடந்தது. அதற்கு நான் கைக்கொண்ட விதிகள் இவை.

1. ஒவ்வொரு படியும் தோற்கக் கூடும் என்று வைத்துக் கொண்டே எழுத வேண்டும். "விடைக் கோப்பு இருந்தால் மேலே செல், இல்லையேல் இங்கேயே நில்" என்று நிபந்தனை விதிக்க ஆப்சின் கோப்பில் வழி உண்டு. முந்தைய ஓட்டத்தின் விடை எஞ்சியிருந்தால் இச்சோதனை ஏமாற்றும். ஆகவே அதை முதலிலேயே வேறு பெயருக்கு மாற்றிவிட வேண்டும்.

2. அழித்தல் போன்ற, திரும்பப் பெற இயலாத செயலை ஆள் இல்லாத பணியில் வைக்கலாகாது. விடையைக் கண்ணால் கண்ட பின், நேரில் இருந்து செய்ய வேண்டும்.

3. கேள்வி கேட்கக் கூடிய கட்டளைகளை முன்னரே இனங்கண்டு, விடையையும் எழுதி வைக்க வேண்டும். அல்லது அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

4. நேர வரம்பு விதிக்க வேண்டும். முடிவின்றிச் சுழலும் பணி, வரிசையில் பின்னால் நிற்கும் மற்றவர்களின் நேரத்தைத் தின்கிறது.

இன்றும் இதுவே

இவையெல்லாம் அருங்காட்சியகச் செய்திகள் என்று எண்ண வேண்டாம். மல்டிக்ஸில் உழைத்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பின்னர் ஆக்கிய யுனிக்ஸில், கட்டளையின் முடிவில் ஒரு குறியிட்டால் பணி பின்னணிக்குச் செல்கிறது. குறித்த நேரத்தில் பணியை எழுப்ப 'கிரான்' இருக்கிறது. இன்றைய மீக்கணினிகள் பலவற்றில், 'ஸ்லர்ம்' என்ற நிரலிடம் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு, நம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். சாளரத்தில் அட்டைக்கட்டு கொடுத்ததற்கும் இதற்கும் வேகத்தில்தான் வேறுபாடு. கார்பட்டோவுக்கு 1990-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. அவர் 2019-இல் மறைந்தார். அவர் வகுத்த வழியில்தான் இன்னும் நடக்கிறோம்.

கருத்தரங்கின் முடிவில் பேராசிரியர், "இதில் கடினமான பகுதி எது?" என்று கேட்டார். வரிசை முறை என்றோ நேரக் கணக்கு என்றோ சொல்லியிருக்கலாம். "நாளைக் காலை நான் எதையெல்லாம் பார்த்து வருந்துவேன் என்பதை இன்றிரவே எண்ணிப் பார்ப்பது, ஐயா" என்றேன். பின் வரிசையில் இருந்த புவியியல் தோழர் மெல்லச் சிரித்தார்.

அடுத்த முறை ஒரு பணியைப் பின்னணிக்கு அனுப்பும் முன், தோழர்களே, சீட்டை ஒரு தரம் திரும்பப் படியுங்கள். அரிசி ஈரமாக இருந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.