அம்மாவைக் கேட்டாயா?

கட்டுக்கலை, கண்டி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடாமல் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதிலேயே உன் மனசு கிடக்கிற கிடை விளங்குகிறது. என் தங்கச்சி, உன் அம்மாவின் நாக்கோரத்துப் புண் புற்றுநோய்தான் என்று தெரிந்துவிட்டது, கண்டியில் கிளினிக் திகதியும் கொடுத்துவிட்டார்கள், இனி என்ன செய்ய என்று கேட்கிறாய். கொழும்பில் இருக்கிற அண்ணன் சொன்னது கடிதத்தில் இருக்கிறது. மேல் லயத்துக்கு ஜெபக்கூட்டம் நடத்த வருகிற பாஸ்டர் சொன்னது இருக்கிறது. பக்கத்துக் காம்பரா அக்கா சொன்ன நாட்டு மருந்துகூட இருக்கிறது. அம்மா என்ன சொன்னாள் என்று மட்டும் ஒரு வரி இல்லை.

அவளிடம், "வாயில் அல்சர், கொஞ்ச நாள் மருந்து எடுத்தால் சரியாகும்" என்று சொல்லி வைத்திருக்கிறீர்களாம். தெரிந்தால் இடிந்துபோவாள் என்கிறானாம் அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேல் கூடை சுமந்தவள் அவள். புருஷனை மண்ணில் வைத்த அடுத்த கிழமையே, பிள்ளைகளுக்குச் சோறு வேணுமே என்று மலைக்குப் போனவள். இடிந்துபோகிறவள் என்றால் அன்றைக்கே போயிருப்பாள்.

நம் மலையகச் சனத்தை யாரும் எதையும் கேட்டதில்லை, மகள். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தபோது கேட்கவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தபோதும் கேட்கவில்லை. உன் தாத்தா இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். அவருடைய அண்ணன் குடும்பம் கப்பலேறிக் கூடலூர் போய்ச் சேர்ந்தது. நம் முறை வருவதற்குள் 1984இல் தலைமன்னார்க் கப்பலே நின்றுபோனது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் எனக்கும் உன் அம்மாவுக்கும் இந்த நாட்டுப் பிரஜை என்று பெயர். அதுவரைக்கும் அவளுக்காக மற்றவர்கள்தான் முடிவெடுத்தார்கள். தோட்டத்தில் துரை, வீட்டில் அப்பா, பிறகு புருஷன். இப்போது அந்த வரிசையில் நீயும் அண்ணனும் போய் நிற்கிறீர்கள். பாசத்தில்தான் நிற்கிறீர்கள், தெரியும். ஆனாலும் அது அவளுடைய உடம்பு.

எப்படிச் சொல்வது என்று கேட்பாய். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, இஸ்தோப்பில் அவளோடு உட்கார். நீயாக எதையும் சொல்லத் தொடங்காதே. "அம்மா, இந்தப் புண்ணைப் பற்றி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேள், கேட்டுவிட்டுச் சும்மா இரு. நர்ஸாக இருந்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன்: நோயாளிக்கு அநேகமாக ஊகம் இருக்கும். வீட்டார் மறைப்பதைப் பார்த்துவிட்டு அவர்களும் தெரியாத மாதிரி இருப்பார்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவளே காட்டுவாள். "எனக்கு ஒண்ணும் சொல்லாத, நீயே பார்த்துக்க" என்றால் அதுவும் அவள் முடிவுதான், அப்படியே செய்.

இது மனசு சம்பந்தப்பட்ட காரியம் மட்டும் இல்லை, வைத்தியத்துக்கும் வேணும். ஒப்பரேஷனா, கரன்ட் பிடிப்பதா (கதிர்வீச்சுச் சிகிச்சை), இரண்டுமா என்று டொக்டர்மார் பார்த்துச் சொல்வார்கள். கரன்ட் என்றால், கிழமைக்கு ஐந்து நாள் வீதம் ஆறு ஏழு கிழமை போகும். அதற்கு முன்பே பல்லைக் காட்டி, கெட்ட பல் இருந்தால் பிடுங்கிவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் சில நிமிஷ வேலைதான், அந்த நேரத்தில் வலிக்காது. இரண்டாம் மூன்றாம் கிழமையில்தான் வாய் வெந்து, எச்சில் வற்றி, ருசி போகும். "போதும், லயத்துக்கே போய்விடுவோம்" என்ற பேச்சு அப்போதுதான் எழும். இடையில் விட்டால் பலன் குறையும். வெறும் அல்சர் என்று நம்பிக்கொண்டிருக்கிறவள் எதற்காக இந்தப் பாட்டைத் தாங்கப் போகிறாள்?

இன்னொன்று. கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில்தான் கேட்பார். வலி இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று கேட்டதும், சிங்களம் தெரிந்த மகள்மார் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள். தாய்மார் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, முந்தானையை மடியில் உருட்டியபடி இருப்பார்கள். நீ அதைச் செய்யாதே. கேள்வியை அவளிடம் திருப்பு. அவள் சொன்னதைச் சொன்னபடியே டொக்டரிடம் சொல். "ராத்திரியில காதுக்குள்ள குத்துது" என்று அவள் சொன்னால், "கொஞ்சம் வலி இருக்கிறதாம்" என்று நீ சுருக்கிவிடாதே. நாக்குப் புண்ணுக்காரி காதுக்குள் குத்துகிறது என்றால் டொக்டருக்கு அது முக்கியமான சேதி.

சாப்பாட்டில், கொச்சிக்காய்ச் சம்பலையும் சுடச்சுட ரொட்டியையும் கொஞ்ச காலம் மறக்க வேண்டியதுதான். (ரொட்டியை விட்டு அவள் எப்படி இருக்கப் போகிறாளோ!) கஞ்சி, பருப்போடு குழைத்த சோறு, முட்டை அடித்து ஊற்றிய சூப், பிள்ளைகளுக்குக் கரைக்கிற சமபோஷா, எதுவானாலும் ஆறவைத்துக் கொடு. சாப்பிட்ட பிறகு உப்பும் அப்பச்சோடாவும் கரைத்த தண்ணியில் வாய் கொப்பளிக்கட்டும்.

வெற்றிலை போட்டதால் வந்த வினை என்று அவள் காதில் விழுகிற மாதிரி யாரும் பேசாமல் பார்த்துக்கொள். காரணம் அதுதான், மறுக்கவில்லை. புகையிலை மட்டுமில்லை, வெறும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் அறிக்கையே போட்டுவிட்டது. ஆனால் விடியற்காலைப் பனியில், ஒரு கோப்பை சாயத்தண்ணியோடு மலையேறிய பொம்பளைகளுக்குக் குளிருக்கும் பசிக்கும் மடியில் இருந்தது அந்த ஒரு வாய் வெற்றிலைதான். இப்போது யாரையாவது குறை சொல்லி ஆகப்போவது இல்லை. அதற்குப் பதிலாக நீயும் உன் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டிவிட்டு வாருங்கள். ஆறாத புண்ணோ, வெள்ளைப் படையோ இருந்தால் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம்.

பாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொன்னாராம். அவர் செபிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லாதே. அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தால் தலையில் கைவைத்துச் செபித்துவிட்டுப் போகட்டும். ஆனால் வைத்தியரைக் கனம்பண்ணச் சொல்லி நம் வேதத்தில் ஒரு அதிகாரமே இருக்கிறது, சீராக்கின் ஞானம் 38. அவருடைய வேதாகமத்தில் அந்த நூல் இராது. லூக்கா இருப்பாரே, அவரும் வைத்தியர்தானே. சண்டை போடாதே. "கிளினிக் திகதியை விடமாட்டோம், பாஸ்டர்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடு.

நோயிற்பூசுதலுக்குச் சுவாமியைக் கூப்பிடவும் பயப்படுகிறாய். அம்மாவுக்கு விளங்கிவிடும், லயமே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடும் என்கிறாய். அது சாகிற நேரத்துச் சடங்கு என்ற எண்ணம் நம் தோட்டங்களில் இன்னும் போகவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே, இது மரணப் படுக்கைக்கு மட்டுமானதில்லை, நோயில் ஆபத்துத் தொடங்கும்போதே பெறலாம் என்று தெளிவாக்கிவிட்டது. கரன்ட் தொடங்குமுன் பூசிக்கொள்வது நல்லது. அதையும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேணும்.

வலி கூடும் காலம் வந்தால் மோர்ஃபின் கொடுப்பார்கள். பெயரைக் கேட்டதும் கதை முடிந்தது என்றோ, குடி மாதிரி பழகிவிடும் என்றோ நினைக்காதே. வலிக்கு அளந்து கொடுத்தால் அந்தப் பயம் தேவையில்லை. வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கு. வலியைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துத் தாங்குவேன் என்று அம்மா சொன்னால், அவள் பக்தியை மதி. அது அவள் சொல்ல வேண்டியது; அவளுக்காக நீ ஒப்புக்கொடுக்காதே.

உன் சின்னவள் போனில் என்னிடம் ஒன்று சொன்னாள். வீட்டுச் சல்லி வைக்கிற லக்ஸ்பிரே டின்னை நீ உன் அலுமாரிக்கு மாற்றிவிட்டாயாம். அம்மாச்சியை அரிசி புடைக்கவும் விடுவதில்லையாம், தலை பின்னவும் விடுவதில்லையாம். "அம்மாச்சி சும்மா செவுத்தப் பார்த்துக்கிட்டு இருக்காங்க, பெரியம்மாச்சி" என்றாள். ஓய்வு கொடுக்கிறதாக நினைத்துச் செய்திருக்கிறாய். டின்னை இன்றைக்கே திருப்பிக் கொடு. சம்பளம் வந்ததும் கடைக் கடன் இவ்வளவு, சீட்டு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று பிரிக்கிற வேலை அவளுடையது. சேமலாப நிதியிலிருந்து அவள் எடுத்த காசை இந்த வருத்தத்துக்கு எப்படிச் செலவழிப்பது என்று சொல்ல அவளைவிட யாருக்கு உரிமை? சீமோன் பேதுருவின் மாமியாரை நினைத்துப் பார். காய்ச்சல் விட்டதும் எழுந்து, வந்தவர்களைக் கவனித்தாள் என்றுதானே மாற்கு எழுதியிருக்கிறார். அவளுக்கு அவள் அடுப்படி வேண்டியிருந்தது.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்த மருமகன்தான் திருச்சபைக்கு முதல் பாப்பரசர் ஆனார்! உன் மாப்பிள்ளை அம்மாவின் எச்சில் கோப்பையை முகம் சுளிக்காமல் கழுவி வைக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதை அவரிடம் சொல்.

மூத்தவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. அடுத்த வருஷம் அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. நம் வீடுகளில் யாருக்காவது சுகமில்லை என்றால் முதலில் வீட்டுக்கு அழைப்பது பொம்பளைப் பிள்ளையைத்தான். உன்னையும் அப்படித்தான் பதினாலு வயதில் நிறுத்தினார்கள், தம்பி பிறந்த நேரம். தண்ணி பிடிக்க, விறகு எடுக்க மகனையும் பழக்கு. பிள்ளைகளுக்கும் விஷயத்தைச் சொல். வியாதியின் பெயரைச் சொல்லு. ஒட்டுநோய் இல்லை, அம்மாச்சியைக் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்லு. சின்னவள் ஒரு கிழமையாக அம்மாச்சியின் கோப்பையைத் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியுமா?

மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போக முடியவில்லை, தலவிலைக் கோவிலுக்கு நேர்ந்த நேர்ச்சைக் காசை எடுத்துச் செலவழிப்பது பாவமா என்று வருத்தப்பட்டிருந்தாய். கோவிலுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சாக்குச் சொல்லித் தாய் தகப்பனைக் கவனியாமல் விடுகிறவர்களை ஆண்டவர் எப்படிக் கடிந்துகொண்டார் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் பார். காசை எடு. நேர்ச்சையைச் சுகமான பிறகு பார்த்துக்கொள்ளலாம். சேனைக் கூட்டத்தை உன் இஸ்தோப்பில் நடத்தச் சொல். செபமாலை சொல்ல வருகிறவர்கள் ஆளுக்கொரு நாள் கஞ்சி வைக்கட்டும். அம்மாவுக்கு வாய் நோகும்போது முன்சொல்ல முடியாது, மணியைக் கையில் கொடு, சின்னவள் சொல்லட்டும்.

திடீரென்று இரத்தம் வந்தாலோ மூச்சுத் திணறினாலோ 1990க்குக் கோல் எடு. சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசம், தமிழிலும் பேசலாம். உங்கள் லயத்து மேல் ரோட்டுக்கு வண்டி ஏறாது. ஸ்டோர்ச் சந்திக்கு வரச் சொல்லிவிட்டு, நாற்காலியில் வைத்துத் தூக்கிவர நாலு பேரை இப்போதே பேசி வை.

கரன்ட் பிடிக்கிற காலத்தில் தினமும் அட்டனிலிருந்து வந்து போக முடியாது. அவள் வாட்டில் இருக்கட்டும், இல்லை என்னோடு இருக்கட்டும். அதையும் அவளே சொல்லட்டும். நீ ஒவ்வொரு நாளும் ஓடிவந்து பேரை, அன்றைய சம்பளத்தை, இழக்க வேண்டாம். சனி ஞாயிறு வந்தால் போதும், மிச்ச நாள் நான் பார்ப்பேன். எனக்கும் முழங்கால் வலிதான், ஆனாலும் என் தங்கச்சிக்குக் கஞ்சி கொண்டுபோக வேறு யாரையும் விடமாட்டேன்.

அண்ணனிடம் இன்றிரவு நானே பேசுகிறேன். "உதவி செய்" என்று பொதுவாகக் கேட்டால் "பார்ப்போம் பெரியம்மா" என்பான். மாசத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்க வேண்டும், போக்குவரத்துச் செலவு அவனுடையது என்று கணக்காகவே கேட்கப் போகிறேன். கோபப்படுவான். படட்டும்.

கிளினிக்குக்கு முதல் நாளே வந்துவிடுங்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கொடுத்த கொப்பி, பரிசோதனை அறிக்கை, அம்மாவின் அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பஸ் ஏறியதும் கோல் எடு, ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன். வெற்றிலைப் பையை வைத்துவிட்டு வரச்சொல்லி அவளோடு மல்லுக்கட்டாதே. கொண்டு வரட்டும். அதை நானும் அவளும் பேசிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உன் பெரியம்மா