உமிக்கரி பற்பசைக்கு ஈடாகுமா?

கேள்வி: உமிக்கரியால் பல் துலக்கி, உப்புநீரால் வாய் கொப்பளித்தால் போதாதா? (வாசகர், பாறசாலை)

பதில்: நெல் உமியைச் சுட்டுக் கரியாக்கி, உப்பும் நல்லமிளகும் சேர்த்துப் பொடித்துப் பல் தேய்த்து, பிளந்த ஈர்க்கிலால் நாக்கு வழிக்கும் வழக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஊர்களுக்குப் பழையது. உமியில் சிலிக்கா எனப்படும் மணற்சத்து மிகுதி என்பதால் அக்கரி கறையை நீக்கும்; ஆனால் விரலிடையில் நெருடும் பொடியை நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால், பல்லின் மேலுறையாகிய எனாமலும் தேயும், தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. அதைவிடப் பெரிய குறை, பற்சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு அதில் இல்லாமையே. நல்ல பற்பசையில் அது 1000 முதல் 1500 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு, இருக்கும்.

ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பது ஈறுப்புண்ணுக்கு இதம் தருமே அன்றி, பல்லில் ஒட்டிய அழுக்குப் படலத்தைப் பெயர்க்காது. எலுமிச்சைச் சாறோ, அதன் அமிலம் எனாமலைக் கரைப்பதால், வாய் கொப்பளிக்க ஆகவே ஆகாது. புகையிலை கலந்த பற்பொடி இவை எல்லாவற்றினும் கொடியது. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இலேயே தடைசெய்துவிட்டது.

உமிக்கரியை விட மனமில்லாதவர்கள் அதை மாவாகச் சலித்து, எப்போதாவது மென்மையாகப் பயன்படுத்தட்டும். இரவில் படுக்குமுன் ஃபுளோரைடு பற்பசையைத் தவிர்க்க வேண்டாம்.