மூன்றாம் ஒற்றன் சொல்

கல்லூரி மலரில் திரைப்படக் கட்டுரையா என்று ஆசிரியப் பெருமக்களில் சிலர் மூக்கின்மேல் விரல் வைக்கக்கூடும். அதிலும் துப்பாக்கியும் துரத்தலும் நிறைந்த ஆங்கில ஒற்றர் படம்! ஆயினும் ஒற்று என்பது நமக்குப் புதிய பொருளன்று. வள்ளுவப் பெருந்தகை ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதவாறு ஆள வேண்டும். அப்படி ஆளப்பட்ட மூவரின் சொல்லும் ஒத்திருந்தால் அதனை உண்மையெனத் தெளியலாம் என்பது அவர் காட்டும் நெறி. மூன்று பாகங்களாக வரும் கதையையும் இந்த அளவுகோலால் அளக்கலாம் என்பது என் கருத்து. முதலிரண்டு படங்கள் சொன்னதோடு மூன்றாவது படத்தின் சொல் ஒத்திருந்தால் கதை நிறைவுற்றது. இல்லையேல் காட்சி மட்டுமே முடிந்தது.

நம் திரையில் ஒற்றர்

தமிழ்த் திரையும் ஒற்றர்களை அறியும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ ஆகிய படங்களை ஜெய்சங்கரைக் கொண்டு எடுத்தது. ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்னும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. 1986-இல் எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ வந்தது. 2013-லும் 2018-லும் ‘விஸ்வரூபம்’ இரு பாகங்களாக வந்தது. இவற்றிலெல்லாம் எதிரி வெளியே இருக்கிறான். அவன் வீழ்ந்தால் கதை முடிகிறது. எதிரி ஒற்றனுக்குள்ளேயே இருந்தால் கதை எப்படி முடியும்? இவ்வினாவை எழுப்பி, மூன்று படங்களில் விடை கண்டதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று ஜேசன் பார்ன் என்னும் ஒற்றனின் கதை.

ராபர்ட் லட்லம் எழுதிய புதினங்களின் பெயர்களைத் தாங்கிய படங்கள் இவை. மாட் டேமன் நாயகனாக நடித்தார். ‘தி பார்ன் ஐடென்டிட்டி’ (2002) படத்தை டக் லைமன் இயக்கினார். ‘தி பார்ன் சுப்ரிமசி’ (2004), ‘தி பார்ன் அல்டிமேட்டம்’ (2007) ஆகிய இரண்டையும் பால் கிரீன்கிராஸ் இயக்கினார். 2012-லும் 2016-லும் வேறு இரு படங்கள் தொடர்ந்தன எனினும், முதலில் எழுந்த வினாவுக்கு 2007-ஆம் ஆண்டுப் படத்திலேயே விடை கிடைத்துவிட்டது.

வினா

மத்தியதரைக் கடலில் மிதக்கும் ஒருவனை மீனவர்கள் தூக்கிக் கரை சேர்க்கின்றனர். முதுகில் குண்டுக் காயங்கள். நினைவோ அற்றுப் போயிருக்கிறது. சூரிச் நகர வங்கிப் பெட்டகத்தில் அவன் படத்தோடு பல நாட்டுக் கடவுச்சீட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். ‘நான் யார்?’ என்பதே முதற்படத்தின் வினா. தான் ஓர் அரசு உளவு அமைப்பின் கொலைக் கருவி என்றும், குழந்தைகள் அருகிருந்ததால் சுட மனம் வராமல் கடைசிப் பணியில் தவறியவன் என்றும் அவன் அறிகிறான்.

இரண்டாம் படம் நம் நாட்டுக் கோவாவில் தொடங்குகிறது. அங்கே அவன் அன்புக்குரிய மேரி கொல்லப்படுகிறாள். பழிவாங்கும் கதையாக இது முடியும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அவன் மாஸ்கோ சென்று, முன்பு தான் கொன்ற தம்பதியரின் மகளைக் காண்கிறான். தாயே தந்தையைக் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டாள் என்று நம்பி வளர்ந்தவள் அவள். கொன்றவன் தானே என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு நீங்குகிறான். வினா இங்கே ‘நான் என்ன செய்தேன்?’ என்று வளர்ந்துவிடுகிறது.

விடை

மூன்றாம் படத்தில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. லண்டன் வாட்டர்லூ நிலையக் கூட்டத்தில் ஒரு பத்திரிகையாளரைக் கைப்பேசி வழியே வழிநடத்தும் காட்சியும், டாஞ்சியர் நகரக் கூரைகளின்மேல் நிகழும் துரத்தலும் மறக்க இயலாதவை. 2008-இல் படத்தொகுப்பு, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கார் பரிசு பெற்ற படம் அது. காமிரா ஓயாமல் அசைந்து கண்ணை வருத்துகிறது என்ற குறையும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நிறைவு தருவது வேகமன்று, ஒப்பு. கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதைச் சொல்ல விரும்புகிறேன். தேற்றம் ஒன்றை நிறுவும்போது கடைசி வரியில் புதிய தரவைப் புகுத்துதல் கூடாது. இப்படம் அந்த நேர்மையைப் பெரிதும் காக்கிறது. இதில் வரும் ‘பிளாக்பிரையர்’ திட்டத்தின் பெயர் முதற்படத்தின் இறுதியிலேயே உச்சரிக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் படத்தின் முடிவில் பமேலா லாண்டி என்னும் அதிகாரி அவனுக்குத் தொலைபேசியில் அவன் உண்மைப் பெயரைச் சொல்கிறாள். அதே உரையாடல் மூன்றாம் படத்தின் பிற்பகுதியில் மீண்டும் வரும்போது, அதற்குள் ஒரு முகவரி மறைந்திருந்தது விளங்குகிறது.

அம்முகவரியில் அவனைப் பயிற்றுவித்த மருத்துவர் இருக்கிறார். அவரைப் பார்த்ததும் நினைவு திரும்புகிறது. அவனை யாரும் கடத்திச் செல்லவில்லை. டேவிட் வெப் என்ற இளைஞனாகத் தானே முன்வந்து சேர்ந்தவன் அவன். உறக்கமின்றி வதைத்ததும் உண்மை. முகம் மூடப்பட்ட ஒருவனை, அவன் யாரென்று அறியாமலே, இறுதியில் சுட்டதும் உண்மை. மூன்று படங்களாகத் தேடிய குற்றவாளிகளுள் ஒருவன் தேடியவனே! பார்வையாளரை மகிழ்விக்க வேண்டுமெனில் ‘அவன் ஒரு பாவமும் அறியான்’ என்று முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் மாஸ்கோவில் கேட்ட மன்னிப்பு பொருளற்றுப் போயிருக்கும். மூன்றாம் ஒற்றன் பொய் சொன்னவனாகியிருப்பான்.

உண்மை தெரிந்த பின் அவன் மருத்துவரைக் கொல்லவில்லை. தன்னைக் கொல்ல ஏவப்பட்ட இன்னொருவனையும் முன்னரே சுடாமல் விட்டுவிட்டான். ஏன் கொல்ல வேண்டும் என்றாவது உனக்குத் தெரியுமா என்று அவனையே கேட்கிறான். ஏவப்பட்டவன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். பிறகு நாயகன் ஆற்றில் விழுந்து அசைவற்று மிதக்கிறான். சற்று நேரத்தில் நீந்திச் செல்கிறான். முதற்படத்தில் பிறர் தூக்கியெடுத்த உடல் இப்போது தானே நீந்துகிறது. தொடக்கமும் முடிவும் ஒரே நீர். இடையில் மாறியது மனிதன்.

நமக்கென்ன?

மலைநாட்டு மாணவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் என் தந்தையார் கைநாட்டு வைப்பவர். எங்கள் வீட்டில் குடும்ப அட்டையில் ஒரு வயது, ஆதார் அட்டையில் ஒரு வயது. அம்மாவைக் கேட்டால் அதற்கும் வேறாக ஒரு வயது. காகிதம் மனிதனைச் சொல்லாது என்பதை அந்த நாயகனின் கடவுச்சீட்டுகளைப் பார்த்தபோது நான் எளிதில் புரிந்துகொண்டேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப்போன்று இம்மண்டபத்தில் பலர் அமர்ந்திருக்கிறோம். நாளை நாம் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் பிறருடைய காகிதங்களில் கையொப்பமிடப் போகிறோம். வாசிக்கத் தெரியாமல் ரேகை வைத்தவருக்கு ‘எனக்குத் தெரியாது’ என்னும் சொல் மிச்சமிருந்தது. வாசித்துக் கையொப்பமிடும் நமக்கு அச்சொல் இல்லை. மேலிடத்து உத்தரவு என்று தப்பிக்கவும் வழியில்லை. வேலையில் சேரும் தாளிலும் கையொப்பம் நம்முடையதே.

கதாநாயகன் வென்றான் என்பதோடு மூன்றாம் பாகம் நின்றிருந்தால் அது மூன்று நாளில் மறந்துபோகும். தன் கையொப்பத்தைத் தானே ஏற்றுக்கொண்டான் என்று முடிந்ததனால்தான் அது நிறைவு பெற்றது. யாரோ ஒருவர் நம்மிடம் ஒரு தாளை நீட்டும் நாளில், இது யாரைச் சுடும் என்று கேட்டுவிட்டு எழுதுகோலை எடுப்போமாக.