சத்து மாத்திரை: இரத்தத்தில் ஏறினால் போதுமா?

ஒன்பதாம் வகுப்பில் வைட்டமின்கள் பாடம் நடத்தும்போது எழக்கூடிய கேள்வி: "டீச்சர், தினமும் ஒரு சத்து மாத்திரை போட்டுக்கிட்டா போதாதா?" காட்டாங்குளத்தூர் போன்ற புறநகரில் இக்கேள்வி இயல்பானதே. ஜி.எஸ்.டி. சாலையோர மருந்துக் கடைகளில் 'ஆன்டி ஆக்சிடன்ட்' என அச்சிட்ட மாத்திரைகளை யாரும் வாங்கலாம். வேலைக்கு ஓடும் பெற்றோருக்கு அது எளிய வழியாகத் தெரிகிறது. இக்கேள்வியையே ஓர் அறிவியல் பாடமாக மாற்றலாம்.

செயல்பாடு

தேவையானவை: சோறு வடித்த கஞ்சி, அயோடின் கரைசல், எலுமிச்சைச் சாறு, தண்ணீர்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கஞ்சியைக் கலந்து, இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள். கரைசல் கருநீலமாகும். பிறகு எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறம் மறையும். சாற்றிலுள்ள வைட்டமின் சி, அயோடினுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்துத் தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் செய்யும் வேலை இதுதான். வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்து விட்டாலும் இதுவே நடக்கும்.

இப்போது மாணவர்களிடம் கேளுங்கள்: டம்ளரில் நடந்தது உடலிலும் அப்படியே நடக்குமா?

இரண்டு தனித்தனிக் கேள்விகள்

மாத்திரை சாப்பிட்டால் இரத்தத்தில் அந்தச் சத்து கூடுமா? கூடினால் நோய் குறையுமா? இவை வேறு வேறு கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆம்' என்பதே பதில். ஆனால் அளவு உண்டு. வைட்டமின் சி ஓரளவுக்கு மேல் போனால் குடல் உறிஞ்சுவது குறையும். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ, ஈ போன்றவை உடலில் சேர்ந்துவிடும்.

இரண்டாம் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பங்களிப்புடன், கிராமப்புற மக்கள் 798 பேரிடம் 5 ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் மூன்று முறை பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2006இல் வெளியான முடிவு: கண்புரை வளர்வதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் எச்சரிக்கை தருவது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களின் இரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஆனால் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது என 1994இல் தெரியவந்தது.

ஏன் இப்படி?

வட, தென்னிந்திய முதியோரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், இரத்தத்தில் வைட்டமின் சி அதிகமுள்ளோருக்குக் கண்புரை குறைவாக இருந்தது. அப்படியானால் மாத்திரை ஏன் உதவவில்லை? காய், கனி நிறைய உண்பவருக்கு நார்ச்சத்து, பிற சத்துகள், ஓரளவு வசதியான வாழ்க்கை ஆகியவையும் சேர்ந்தே அமையலாம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மாணவர்கள் இப்பாடத்திலிருந்து எடுத்துச் செல்ல வேண்டிய முதன்மைக் கருத்து இது.

ஆசிரியர் கவனத்திற்கு

'எல்லா மாத்திரையும் வீண்' என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை வேறு வகை. வளரிளம் பருவத்தினரிடம் பரவலாகக் காணப்படும் இரத்தசோகையைத் தடுக்கவே அது தரப்படுகிறது. குறை இருக்கும் இடத்தில் மாத்திரை மருந்து. குறையே இல்லாதவருக்கு மேலும் மேலும் சேர்ப்பது நன்மை என்பதற்குச் சான்று தேவை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டுப்பணி

1. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. பெரியவர்களின் ஒருநாள் தேவை சுமார் 80 மில்லிகிராம். எத்தனை கிராம் கொய்யா போதும்?
2. கொதிக்கவைத்த எலுமிச்சைச் சாற்றில் அதே செயல்பாட்டைச் செய்தால் கூடுதல் சொட்டுகள் தேவைப்படுமா? முதலில் ஊகித்து, பின்பு செய்து பார்க்க.
3. ஒரு சத்து மாத்திரை விளம்பரத்தைக் கொண்டு வருக. அது முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறதா, இரண்டாம் கேள்விக்கா?