தொழிற்சாராயத்தில் மறைந்துள்ள விஷம்

வார்னிஷ் முதலிய கைத்தொழில்களுக்குச் சாராயம் அவசியமான பொருள். அதனை எவரும் குடியாதிருக்கும்பொருட்டு வேறு பொருள்களைக் கலந்து விற்பது வழக்கம். 1855-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஏற்பட்ட சட்டப்படி, ஒன்பது பங்கு சாராயத்துடன் ஒரு பங்கு மரச்சாராயம் சேர்க்கப்பட்டது. மரத்தைக் காய்ச்சி வடித்த அதில் மெதனால் என்னும் விஷமும், சகிக்கவொண்ணாத நாற்றமும் இருந்தன. அந்நாற்றமே காவற்காரனாய் நின்றது.

1923-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் வாயுக்களிலிருந்து மெதனாலைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினார்கள். இவ்விதம் கிடைப்பது சுத்தமானது. ஆகையால் காவற்காரன் நீங்கினான், விஷம் மட்டும் நின்றது. தொழிற்சாராயத்திற் சேர்க்கும் பிரிடினை மூக்கும், டெனடோனியம் என்னும் கசப்புப் பொருளை நாக்கும் அறியும். மெதனாலையோ இரண்டும் அறியா. அதன் வாசனையும் ருசியும் குடிசாராயத்தை ஒத்தவை.

நெருப்பிட்டு நீலமாக எரிந்தால் நல்ல சாராயம் என்று சிலர் நம்புகின்றனர். இது தவறு. இரண்டும் கலந்திருப்பினும் சுவாலை நீலமாகவே தோன்றும்.

இரசாயன சாலையில் செய்யும் பரீக்ஷை யாதெனில்: மாதிரியை முதலில் வாலையில் வடிக்க வேண்டும். வடித்ததைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் சேர்த்தால் மெதனால் பார்மால்டிஹைடாக மாறும். மிஞ்சிய பெர்மாங்கனேட்டின் நிறத்தைப் போக்கி, குரோமோடிரோபிக் அமிலமும் கடுங் கந்தகத் திராவகமும் விட்டால் ஊதா நிறம் காணும். சுத்த சாராயத்திற்கும் இதே பரீக்ஷையைச் செய்து ஒப்பிடுதல் அவசியம். அளவை நிச்சயிக்க வாயுப் பிரிகைக் கருவி வேண்டும். வீட்டிற் செய்யத்தக்க பரீக்ஷை எதுவும் இல்லை.

மெதனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. இதற்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவன் முதலில் சுகமாயிருப்பதாகவே எண்ணுவான். பின்பு வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல், மூச்சிரைப்பு உண்டாகும். 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர் மாண்டனர்.

ஆகையால் கிராமவாசிகள் கவனிக்க வேண்டியவை மூன்று. ஊர் பேர் தெரியாத சாராயத்தை ருசி பார்த்தும் சோதிக்கலாகாது. எவரேனும் குடித்திருந்தால், குறி தோன்றுமுன்பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிப்பு மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் தக்க காலத்திற் கிடைத்தால் உயிரும் பார்வையும் தப்பக்கூடும். மிச்சமிருப்பதைக் கொட்டாமல் மூடிப் பரீக்ஷைக்கு ஒப்புவிக்க வேண்டும். வழக்கிற்கும் அவமானத்திற்கும் அஞ்சி ஓரிரவு மறைத்தல், காப்பாற்றக்கூடிய உயிரைக் கைவிடுவதாகும்.